கோல்ஃப் கிளப்பில் சேரலாமா, வேண்டாமா? சென்னையில் ஆடுபவர்கள் சொல்லுங்கள்

நங்கநல்லூர்க்காரன்:

வணக்கம். வயது 43. ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. எங்கள் வாடிக்கையாளர்களில் ஜப்பான்காரர்களும் கொரியாக்காரர்களும் நிறைய. சனிக்கிழமை காலையில் அவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் கோல்ஃப் மைதானத்துக்குத்தான் போக வேண்டும். எனக்கும் அப்படித்தான் பழக்கமானது. முதலில் ரேஞ்சில் (பந்து அடித்துப் பழகும் இடம்) பந்து அடிக்கக் கற்றுக்கொண்டேன், அப்புறம் விருந்தினராகச் சில சுற்றுகள். இப்போது வேலையை மறந்துவிட்டு, எனக்காகவே ஆட வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

தெரிந்த ஒருவர் தன் கிளப்பில் என்னை முன்மொழியத் தயாராக இருக்கிறார். நுழைவுக் கட்டணம் லட்சக்கணக்கில். கட்டினால் திரும்ப வராது. மாதச் சந்தா தனி. மகள் இன்னும் மூன்று வருடத்தில் கல்லூரிக்குப் போவாள் என்பதும் மனதில் ஓடுகிறது. மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமையும் போயிடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உறுப்பினராக இருப்பவர்கள், இருந்து விலகியவர்கள், யோசித்து வேண்டாம் என்று விட்டவர்கள், எல்லோருடைய கருத்தும் வேண்டும்.

ஓஎம்ஆர் ஓரம்:

கம்பெனியைக் கட்டச் சொல்லுங்க பாஸ். வாடிக்கையாளர்களோடதானே ஆடப் போறீங்க.

கணக்குப்பிள்ளை:

தொழிலில் தணிக்கையாளன், அதனால் பணப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

ஒரு பேச்சுக்கு நுழைவுக் கட்டணம் 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 9,44,000. பதினைந்து வருடம் ஆடுவீர்கள் என்று கொண்டு, அந்தப் பணம் 7 சதவீத வட்டிக்குக் கிடந்திருந்தால் என்னவாகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வருகிறது. மழை, வெயில், ஊர்ப்பயணம், கல்யாணம் காதுகுத்து எல்லாம் கழித்து வருடத்துக்கு 40 சுற்று ஆடினால், சுற்றுக்குச் சுமார் 2,600 ரூபாய். மாதம் ஒரு சுற்றுதான் என்றால் 8,600. இதன்மேல்தான் சந்தா, மைதானக் கட்டணம், கேடீ (மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூட வருபவர்) கூலி, பந்து, சாப்பாடு எல்லாம் வரும். உங்கள் கிளப் சொல்லும் தொகையை வைத்து இதே கணக்கைப் போடுங்கள். வந்த தொகையையும், விருந்தினராகப் போனால் ஒரு சுற்றுக்கு ஆகும் மொத்தச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். விருந்தினர் கட்டணம் குறைவாக வந்தால் இப்போதைக்குச் சேர அவசரமில்லை.

கம்பெனி கட்டலாம் என்றார் மேலே ஒருவர். கட்டலாம், தப்பில்லை. ஆனால் கிளப் உறுப்பினர் கட்டணத்துக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கம்பெனி உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தடுக்கிறது. கம்பெனி உங்களுக்காகக் கட்டும் கிளப் செலவு உங்கள் சம்பளத்தோடு சேரும் சலுகையாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும். முழுக்க அலுவலகக் காரியத்துக்குத்தான் என்றால், யாரோடு, எதற்காக, எவ்வளவு செலவு என்று ஆவணம் வைத்திருக்க வேண்டும். நிறுவன உறுப்பினருக்கான ஆரம்பக் கட்டணம் மட்டும் இந்தச் சலுகைக் கணக்கில் வராது. இன்னொன்று, அந்த உறுப்பினர் இடம் கம்பெனியுடையது. வேலை மாறினால் அந்த நாற்காலி உங்களோடு வராது.

பரங்கிமலை:

தம்பி, நான் முப்பது வருடத்துக்கு மேலாக ஆடுகிறேன். பணக் கணக்கை ஐயா சொல்லிவிட்டார். நேரக் கணக்கை நான் சொல்கிறேன், பலரும் யோசிக்காமல் விடுவது அதைத்தான்.

நான்கு பேர் சேர்ந்து 18 ஹோல், அதாவது 18 குழி கொண்ட ஒரு முழுச் சுற்று ஆட நாலு மணி நேரம், கூட்டமாக இருந்தால் நாலரை. போக வர, குளிக்க, ஒரு காபி குடிக்க என்று சேர்த்தால் ஆறு மணி நேரம் போய்விடும். ஏழு எட்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். நம் ஊரில் இதை எந்த நேரத்தில் செய்ய முடியும் என்பதுதான் பிரச்சினை. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்பது மணிக்கு மேல் மைதானத்தில் நிற்பது உடம்புக்கு நல்லதல்ல. அக்னி நட்சத்திரத்தில் எட்டரைக்கே தலை சுற்றும். மே மாதம் ஆறு மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும், அதனால் முதல் டீ டைம் (ஆட்டத்தைத் தொடங்க ஒதுக்கும் நேரம்) கிடைத்தவர் பாக்கியசாலி. அந்த நேரத்துக்குத்தான் எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். ஜனவரியில் வெயில் பிரச்சினை இல்லை, ஆனால் விடியவே ஆறரை ஆகிவிடும். அலுவலக நாளில் ஒன்பது ஹோல் மட்டும் ஆடிவிட்டு ஓடலாம் என்றால் ஒரகடத்துக்கு நீங்கள் எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பாருங்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மழையால் மைதானம் மூடிய நாட்களும் வரும்.

ஆகவே கிளப்பில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வார இறுதியில் காலை ஏழு மணிக்கு முன் டீ டைம் ஒரு புது உறுப்பினருக்குக் கிடைக்குமா என்பதுதான். செயலரைக் கேட்டால் கிடைக்கும் என்பார். குழுக்களை வரிசைப்படி ஆட அனுப்பும் ஸ்டார்ட்டரைக் கேளுங்கள். பல வருடமாகச் சேர்ந்து ஆடும் நால்வர் குழுக்கள் அந்த நேரங்களைப் பிடித்து வைத்திருக்கும். உங்களைச் சேர்த்துக்கொள்ள ஒரு குழு இல்லையென்றால் உறுப்பினர் அட்டை இருந்தும் பத்து மணி வெயிலில்தான் நிற்பீர்கள். உங்களை முன்மொழிபவர் தன் குழுவில் சேர்த்துக்கொள்வாரா, இல்லை கையெழுத்து மட்டும் போடுவாரா? அதைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

புதிதாக வருபவர்களை நேராக மைதானத்தில் விடாமல், பயிற்சியாளர் பார்த்துச் சரி என்ற பிறகே 18 ஹோல் ஆட அனுமதிக்கும் வழக்கம் நிறைய இடங்களில் உண்டு. அது நல்ல வழக்கம். அதற்குள் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; நன்றாக ஆடுபவருக்குக் குறைவு) வாங்கிவிடுங்கள். 2020இல் உலகம் முழுவதும் ஒரே ஹேண்டிகேப் முறை வந்தபின் உச்ச வரம்பு 54; ஆரம்பக்காரர்கள் வெட்கப்பட வேண்டிய அவசியமே இல்லை. ஆட்ட வேகம் மட்டும் முக்கியம். தொலைந்த பந்தைத் தேட விதிப்படி மூன்று நிமிடம்தான், 2019க்கு முன் ஐந்து. நன்றாக ஆடாதவரை எல்லோரும் பொறுத்துக்கொள்வார்கள், மெதுவாக ஆடுபவரை யாரும் பொறுப்பதில்லை.

திருவான்மியூர்க் காற்று:

நான் பெண், கோல்ஃப் ஆடுகிறேன், யார் மனைவி என்ற கணக்கிலும் உறுப்பினராகவில்லை. அதனால் இதையும் கேளுங்கள்: உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் அந்தக் கிளப்பில் என்ன இடம்? சார்ந்திருப்பவர் என்ற பெயரில் நீச்சல் குளத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் மட்டும் அனுமதியா, அவர்களும் டீ டைம் கேட்கலாமா? மகளுக்கு 21 அல்லது 25 வயதானபின் என்ன ஆகும்? மகனுக்கு ஒரு விதி, மகளுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு விதி என்று எங்காவது எழுதியிருந்தால் அந்த இடத்துக்கு உங்கள் பணம் போக வேண்டாம் என்பது என் திடமான கருத்து.

டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருப் பெண் அதிதி அசோக் நாலாவதாக வந்தார். ஒரே ஒரு அடியில் வெண்கலம் போனது. அன்று காலை கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளில்கூட டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் மகளை ஒருநாள் ரேஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் சார். ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்குப் பதில் அங்கே கிடைக்கலாம்.

வேளச்சேரி:

இழை போகும் திசைக்கு மாறாகச் சொல்வதற்கு மன்னிக்கவும். இந்த நிலங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. 18 ஹோலுக்குக் குறைந்தது நூறு ஏக்கர் பக்கம் தேவை. நகருக்குள் அவ்வளவு நிலம், சில ஆயிரம் பேர் மட்டும் உள்ளே போகலாம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்தபோது சைதாப்பேட்டை என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். எங்கள் பக்கம் ஒவ்வொரு பெருமழைக்கும் காரை மேம்பாலத்தில் கொண்டு போய் நிறுத்துகிறோம். 2024 செப்டம்பரில் கிண்டிப் பந்தய மைதானத்தின் குத்தகையை அரசு ரத்து செய்து சீல் வைத்தபோது 160 ஏக்கர் பொதுமக்களுக்கு வரப்போகிறதே என்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. சுற்றுச்சூழல் பூங்காவுக்கு 118 ஏக்கர் என்றார்கள், குளம் வெட்டினார்கள். அந்தக் குளத்தில் நிற்கும் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வராத தண்ணீர்.

பரங்கிமலை:

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. ஒரு விஷயத்தை மட்டும் இங்கே படிப்பவர்களுக்காகச் சேர்க்கிறேன். மெட்ராஸ் ஜிம்கானா கிளப் 1884இல் தொடங்கியது. அதன் கோல்ஃப் மைதானம் கிண்டியில் அந்தப் பந்தயப் பாதைக்குள்தான் பல தலைமுறையாக இருந்துவந்தது. பந்தயக் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தபோது உள்ளே ஆடிக்கொண்டிருந்த கோல்ஃப்காரர்களும் சேர்ந்தே வெளியே நின்றார்கள். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. குத்தகை 1940களில் எழுதியது, 99 வருடத்துக்கு. 99 என்று எழுதிய காகிதம் இருந்தும் இப்படி ஆகும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. திறந்த மண்ணும் மரமும் மழைநீரைக் குடிக்கும், கட்டடமாக மாறினால்தான் ஆபத்து என்பது என் எண்ணம். குளம் அதைவிட அதிகம் பிடிக்கும் என்று நீங்கள் சொன்னால் அதை மறுக்க மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:

நிலம் பற்றிய பேச்சு வந்ததே நல்லது. நங்கநல்லூர்க்காரரின் முடிவுக்கு இதுதான் ஆணிவேர் என்று நினைக்கிறேன்.

நுழைவுக் கட்டணம் என்பது அடுத்த இருபது வருடம் ஆடுவதற்கு முன்கூட்டியே கட்டும் பணம். மைதானம் இருபது வருடம் இருக்குமா என்று தெரியாமல் அதைக் கட்டக் கூடாது. கிளப்பிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்: நிலம் யாருடையது? கிளப்புக்குச் சொந்தமா, அரசுக் குத்தகையா, குத்தகை எடுத்தவரிடமிருந்து வாங்கிய உள்குத்தகையா? எந்த ஆண்டு முடிகிறது? வாடகை பாக்கி, வழக்கு ஏதாவது உண்டா? கிண்டியில் நடந்தது நமக்குக் காட்டுவது என்னவென்றால், இரண்டாவது ஆள் குத்தகையில் இருந்தால் முதல் ஆளுக்கு வரும் சிக்கல் உங்கள் தலையிலும் விழும். ஆண்டறிக்கையில் தணிக்கையாளர் குறிப்புப் பகுதியைப் படியுங்கள். வழக்குகளும் செலுத்தாத கோரிக்கைகளும் அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும். இதையெல்லாம் காட்ட மாட்டோம் என்றால் அதுவே பதில்தான்.

முழுநேர உறுப்பினர் தவிர, சில வருடங்களுக்கு மட்டும் என்ற காலவரையறை உறுப்பினர் முறை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வருடச் செலவு கொஞ்சம் கூடத் தெரியலாம். ஆனால் மைதானம் போனால் உங்கள் நஷ்டம் ஒன்றிரண்டு வருடத்தோடு நின்றுவிடும்.

சைதைவாசி:

யாரும் கேடீக்களைப் பற்றிப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். என் அப்பா வாழ்நாள் முழுக்கப் பை தூக்கினார். காலை நாலரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் முதல் குழு கிடைக்கும். கிடைக்காவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. மழைக் காலத்தில் மைதானம் மூடினால் வாரக்கணக்கில் எதுவும் இல்லை. நிறைய இடங்களில் கேடீ என்பவர் கிளப்பின் சம்பளப் பட்டியலில் இருக்க மாட்டார். வந்த அன்று வேலை, வந்த அன்று கூலி. க்ரீனில் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அப்பா சொன்னால் அப்படியே திரும்பும். பதினாலு மட்டைகள் கொண்ட பையில் எதை எடுப்பது என்று முதலாளிக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். மைதானத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் கிளப்பில் யாரும் இல்லை. ஆனால் அவருக்கு அங்கே உட்கார ஒரு பெஞ்சுதான்.

பெங்களூரில் கேடீயாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பனை வென்றபோது எங்கள் தெருவில் அப்பாவின் நண்பர்கள் கொண்டாடினார்கள். அவரை நேரில் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் அது அவர்கள் வெற்றி.

அண்ணே, நீங்கள் சேரப்போகும் கிளப்பில் கேடீக்களுக்கு மருத்துவக் காப்பீடு உண்டா, பிள்ளைகள் படிப்புக்கு நிதி உண்டா, திங்கட்கிழமை போல ஏதாவது ஒரு நாள் அவர்களும் ஆட அனுமதி உண்டா என்று விசாரியுங்கள். அதை வைத்தே அந்தக் கிளப் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். வேளச்சேரி அக்கா சொல்வதும் புரிகிறது. கிண்டி மூடியபோது வேலை போனவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள், பூங்காவில் தோட்டக்காரர் வேலைக்கு முதல் உரிமை அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

வேளச்சேரி:

சைதைவாசி, அந்தப் பக்கம் நான் யோசிக்கவில்லை. தோட்ட வேலை பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி. புல்லையும் மண்ணையும் அவர்களைப் போலத் தெரிந்தவர்கள் யார்?

நங்கநல்லூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விஷயம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு சின்னக் கேள்வி. அப்பா எப்போதும் வேட்டிதான். கிளப்புக்கு அவரை ஒருநாள் சாப்பிடக் கூட்டிப் போக ஆசை. உள்ளே விடுவார்களா?

திருவான்மியூர்க் காற்று:

தைரியமாகக் கூட்டிப் போங்கள். 2014இல் வேட்டி கட்டி வந்ததற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே ஒரு கிளப்பில் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஆகஸ்டிலேயே சட்டமன்றத்தில் தனிச் சட்டம் வந்தது. வேட்டிக்காக எந்த கிளப்பும் யாரையும் தடுக்க முடியாது. தடுத்தால் உரிமமே ரத்தாகலாம். மைதானத்துக்குள் ஆடும்போது காலர் வைத்த சட்டை, அதற்கான ஷூ என்பது வேறு. அது புல்லுக்காகவும் ஆட்டத்துக்காகவும்.

பரங்கிமலை:

அப்பாவைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பில் தலைமுறை தலைமுறையாக இந்தியர்களுக்கு இடமில்லாமல் இருந்தது. 1873இல் தொடங்கிய காஸ்மோபாலிட்டனில்தான் இந்தியர்களும் ஐரோப்பியர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தக் கிளப்பின் நந்தனம் மைதானத்தில் இன்றும் அண்ணா சாலைச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே 18 ஹோல் ஆடலாம். வேட்டி கட்டிய பெரியவர் வராந்தாவில் உட்கார்ந்து காபி குடிப்பதைப் பார்த்தால் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சேராமலே ஆட வழியும் உண்டு என்பதை மறக்காதீர்கள். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இலிருந்து இருக்கிறது, ஊட்டியில் ஜிம்கானா மைதானம், கோவையில் செட்டிபாளையம். குடும்பத்தோடு போகும்போது ஒரு காலை மட்டும் உங்களுக்கு. மே மாதச் சென்னை வெயிலில் ஆடும் மூன்று சுற்றை மலையில் ஆடும் ஒரு சுற்றுக்கு ஈடாகச் சொல்ல முடியாது. போகும் முன் வெளியாட்களுக்கு அன்று அனுமதி உண்டா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓஎம்ஆர் ஓரம்:

நல்ல இழை. சேமித்து வெச்சுக்கறேன்.

நங்கநல்லூர்க்காரன்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முன்மொழிபவரிடம் நேராகப் பேசினேன். அவர் குழுவில் ஏற்கெனவே ஐந்து பேர் முறை வைத்து ஆடுகிறார்கள். யாராவது வராத அன்று என்னைக் கூப்பிடுவதாகச் சொன்னார். ஒளிக்காமல் சொன்னதற்கு அவர்மேல் மரியாதைதான். ஸ்டார்ட்டரிடமும் கேட்டேன். ஞாயிறு காலை எனக்குக் கிடைக்கக்கூடியது எட்டரை மணிக்குப் பிறகுதானாம். நிலத்தைப் பற்றிக் கேட்டபோது குத்தகை என்றார்கள், எந்த ஆண்டு முடிகிறது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வரவில்லை. கேடீக்களுக்குக் காப்பீடு இருக்கிறது, பிள்ளைகள் படிப்புக்கு உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் நிதியும் இருக்கிறது. அது மனதுக்கு நிறைவாக இருந்தது.

மகளை ரேஞ்சுக்குக் கூட்டிப் போனேன். மனைவியும் வந்தாள். மகள் பந்தைத் தூக்கி அடித்த விதத்தைப் பார்த்துப் பயிற்சியாளர் இன்னொரு கூடைப் பந்து கொடுத்தார். அடுத்த வாரம் எப்போது போகிறோம் என்று கேட்டது மனைவிதான்.

முடிவு: முழு உறுப்பினர் கட்டணம் இப்போது கட்டப்போவதில்லை. அதே கிளப்பில் மூன்று வருடக் காலவரையறை உறுப்பினர் முறை இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்கிறேன். மனைவிக்கும் டீ டைம் உரிமை உண்டு என்று எழுத்தில் வாங்கிவிட்டேன். ஞாயிறு வீட்டுக்கு. சனிக்கிழமை முதல் குழுவில் இடம் கிடைக்கும் அன்று 18 ஹோல், கிடைக்காத அன்று மகளோடு ரேஞ்ச். மூன்று வருடத்தில் அவள் கல்லூரிச் செலவும் தெளிவாகிவிடும், குத்தகையின் கதையும் ஓரளவு தெரிந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:

நல்ல முடிவு. மூன்று வருடம் முடியும்போது முழு உறுப்பினராக மாற விரும்பினால் இப்போது கட்டும் தொகை அதில் கழியுமா, அன்றைய நுழைவுக் கட்டணம் பொருந்துமா, இன்றையதா என்று விண்ணப்பத்திலேயே எழுதி வாங்குங்கள். இடையில் மைதானம் மூடப்பட்டால் மீதிக் காலத்துக்கான பணம் திரும்ப வருமா என்பதையும் சேர்த்து.

சைதைவாசி:

அண்ணே, சனிக்கிழமை முதல் முறை போகும்போது கேடீ மாஸ்டரிடம் வயதில் மூத்தவர் ஒருவரைக் கேட்டு வாங்குங்கள். ஆரம்பக்காரர்களுக்கு அவர்கள்தான் சரி. கூலியைக் கிளப் நிர்ணயித்திருந்தாலும் மேலே கொடுப்பதை மைதானத்திலேயே கையில் கொடுத்துவிடுங்கள், மாதக் கணக்கில் எழுதச் சொல்ல வேண்டாம்.